9ஹெச் பென்சிலும் கிணத்துக்கடவு ஜல்லியும்

"செராமிக் கோட்டிங் போட்டுட்டா கல்லு பட்டாலும் தெறிச்சு ஓடிரும்ங்ணா."

கடைக்காரத் தம்பி இதைச் சொன்னது என் வீட்டுக்காரர்கிட்ட. கார் என் பேர்ல. ஓட்டுறது நான். இஎம்ஐ போறது என் சம்பளத்துல. அவரு ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லாம கூட வந்தவரு. ஆனா மைக்ரான், நானோ, 9ஹெச் எல்லாம் அவருக்கு. எனக்கு, "அக்கா, டீ சாப்புடறீங்களா?"

சாப்பிட்டேன். டீ நல்லாத்தான் இருந்துச்சு. சொன்ன விஷயம்தான் சுத்தப் பொய்.

அந்தக் கடுப்புல எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும். கார் மேல ஆர்வம் இல்லாதவங்க அடுத்த பதிவுக்கு வாங்க (தேங்காய்ப்பால் முறுக்கு பத்தி எழுதலாம்னு இருக்கேன்).

நான் இருக்குறது கோயமுத்தூர். வேலை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார் கம்பெனியில, கணக்கு. தினமும் ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவுன்னு போயிட்டு வரணும். இந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு அடுத்து நான் என்ன புலம்பப் போறேன்னு இப்பவே புரிஞ்சிருக்கும்.

கிணத்துக்கடவைச் சுத்தி கல்குவாரி, கிரஷர். அங்கிருந்து ஜல்லியும் எம் சாண்டும் கோயமுத்தூருக்கும் போகுது, பார்டர் தாண்டி கேரளாவுக்கும் போகுது. டிப்பர் பின்னாடி டிப்பர். ஒழுங்கா படுதா போட்டு இழுத்துக் கட்டிட்டு வர்ற வண்டியும் உண்டு. படுதாவை அழகா சுருட்டி கேபின் மேல வெச்சுட்டு, லோடை ஆகாசத்தைப் பாக்க விட்டுட்டு வர்ற வண்டியும் உண்டு. செக்கிங் இருந்தா விரிச்சுக்கலாம்ல.

இந்த ரோட்டுலதான் நான் வெள்ளைக் கலர்ல புது எலெக்ட்ரிக் கார் எடுத்துட்டு இறங்கினேன்.

ஈச்சனாரி பிள்ளையார் கோயில்ல பூஜை. பானட்ல சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சாயந்திரம் ஈரத்துணியை எடுத்துட்டுப் போனா மாமியார் பின்னாடியே வந்துட்டாங்க. "அதுக்குள்ள ஏன் கண்ணு தொடைக்கிற? நாலு நாள் இருக்கட்டும்." வெள்ளைப் பெயின்ட்ல குங்குமத்தை நாலு நாள் வெயில்ல காய விட்டா என்ன ஆகும்னு அவங்களுக்கு நான் எப்படிச் சொல்ல? "மழை வர்ற மாதிரி இருக்குங்கத்தை, கரைஞ்சு வழிஞ்சா நல்லா இருக்காது"ன்னு சொல்லித் தொடைச்சேன். வானத்துல ஒரு மேகம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எலெக்ட்ரிக் கார்ல யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு சங்கதி, அதோட அமைதி. பழைய டீசல் வண்டியில இஞ்சின் உறுமுற உறுமல்ல கல்லு பட்டதே காதுல விழாது. இதுல ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்கும்.

டிக்.

நெஞ்சு பக்குங்கும். எங்க பட்டுச்சு? பானட்டா, கண்ணாடியா, பம்பரா? ஓரங்கட்டிப் பாக்கலாமா? லேட் ஆயிரும், வேண்டாம்.

டிக், டிக்.

இப்படித்தான் ஒரு நாள் ஆபீஸ் பார்க்கிங்ல குனிஞ்சு பாத்தா, பானட்டோட முன் விளிம்புல கடுகளவு பெயின்ட் பேந்திருந்துச்சு. வெள்ளையில சாம்பல் புள்ளி. நகத்தால தடவினா சின்னப் பள்ளம். பக்கத்து சீட் மேடம் வந்து பாத்துட்டு, "எங்கங்க? ஒண்ணும் தெரியலையே"ன்னாங்க. கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியல. எனக்கு அதைத் தவிர வேற எதுவும் தெரியல.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், கடை கடையா ஏறி இறங்கினேன். அந்தச் செராமிக் தம்பியும் அந்த ஊர்வலத்துல கிடைச்சவர்தான்.

எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் என்ன தனியான்னு நீங்க கேக்கலாம். பெயின்ட் எல்லாக் காருக்கும் ஒண்ணுதானே? பெயின்ட் ஒண்ணுதான், மூஞ்சி வேற. பெட்ரோல் காருக்கு நடுவுல பெரிய கருப்பு பிளாஸ்டிக் கிரில் இருக்கும், ரேடியேட்டருக்குக் காத்து போகணும்ல. பாதிக் கல்லை அதுவே வாங்கிக்கும். அதுல பெயின்ட் இல்லாததால பேந்து போகவும் ஒண்ணும் இல்லை. எலெக்ட்ரிக் காருக்கு அவ்வளவு காத்து தேவையில்லை, கீழ சின்னதா ஒரு திறப்பு போதும். அதனால நிறைய மாடல்ல மேல முழுக்க வழவழன்னு மூடி, பெயின்ட் அடிச்சு விட்டுடறாங்க. பாக்க அம்சமா இருக்கு. கல்லு வந்து உக்கார இடமும் அதேதான்.

இன்னொண்ணு, நம்ம சக்கரமே வாரி அடிக்கிற கல்லு. ஆக்சிலரேட்டரை மிதிச்ச நொடியே முழு இழுவையும் கிடைக்குது. ஓரத்துல சரளை கிடக்குற இடத்துல நின்னுட்டு வெடுக்குனு எடுத்தா, முன் சக்கரம் கல்லை வாரிப் பின்னாடி வீசும். அது போய் அடிக்கிறது கதவுக்குக் கீழ ஓடுற அந்தப் பட்டையில. யாரும் குனிஞ்சு பாக்காத இடம். கனடாவுல, பனிக்காலத்துல ரோட்டுல மணலும் உப்பும் தூவுற ஊர்கள்ல, டெஸ்லா மாடல் 3 வெச்சிருந்தவங்க இந்த இடத்துலதான் பெயின்ட் போகுதுன்னு பெரிய சண்டையே போட்டாங்க. அப்புறம் அந்தக் கம்பெனியே மட் ஃபிளாப்பும் ஒட்டுற ஃபிலிமும் சேத்து ஒரு கிட்டாக் கொண்டு வந்துச்சு. கிணத்துக்கடவுக்குப் பனி வராது. ஆனா மணலும் சரளையும் வருஷம் பூரா இலவசம்.

பெயின்ட்டைப் பத்திப் படிச்சதுல என்னை ஆச்சரியப்படுத்தினது அதோட தடிமன். ஃபேக்டரியில பாடியை அப்படியே தொட்டியில முக்கி, கரன்ட் விட்டு முதல் கோட்டை ஏத்துறாங்க, துருப் பிடிக்காம இருக்க. அதுக்கு மேல பிரைமர். அதுக்கு மேல கலர். கடைசியா பளபளப்புக்கு கிளியர் கோட். இத்தனையும் சேந்து 100-லிருந்து 150 மைக்ரான் சுமாருக்குத்தான் வரும். நாம பிரிண்ட் எடுக்குற ஏ4 பேப்பரே கிட்டத்தட்ட 100 மைக்ரான். அத்தனை லட்சம் குடுத்து வாங்கின வண்டிக்கும் ஊர்ல இருக்குற ஜல்லிக்கும் நடுவுல நிக்கிறது ஒரு தாள், இல்லாட்டி ஒன்றரைத் தாள்.

இதை கார் கம்பெனிக்காரங்க சோதிக்காம இல்லை. அமெரிக்காவுல எஸ்ஏஇ ஜே400-னு ஒரு சோதனை முறை இருக்கு. அதுக்கு ஒரு மெஷின், பேரு கிராவலோமீட்டர். சுமார் அரை லிட்டர் அளவு கூழாங்கல்லை எடுத்து, 70 பிஎஸ்ஐ காத்துல, பெயின்ட் அடிச்ச தகட்டு மேல சரமாரியா அடிப்பாங்க. அப்புறம் எத்தனை இடத்துல பேந்திருக்கு, எவ்வளவு பெருசா பேந்திருக்குன்னு எண்ணி மார்க் போடுவாங்க. அந்த 70 பிஎஸ்ஐ, நம்ம கார் டயர்ல இருக்குற காத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். படிச்சப்ப, அந்த மெஷினை நம்ம ரோட்டுல ஒரு வாரம் ஓட விட்டா அதுவே லீவு கேக்கும்னு தோணுச்சு.

இப்ப 9ஹெச்சுக்கு வருவோம். தம்பி இதைச் சொல்லும்போது முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. "வைரத்துக்கு அடுத்தபடிங்ணா."

இல்லவே இல்லைங்க. 9ஹெச்-ங்கறது பென்சில். ஆமா, ஸ்கூல்ல டிராயிங் வரையற அதே பென்சில் கணக்கு. ஹெச்பி, 2ஹெச், 4ஹெச்னு போய் கடைசியில 9ஹெச். அந்தப் பென்சிலை 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சு, கோட்டிங் மேல அழுத்தி இழுப்பாங்க. கீறல் விழலைன்னா 9ஹெச் பாஸ். வைரம் 10-னு வர்றது மோஸ் அளவுகோல்ல, அது தாதுக்களுக்கானது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 9-ஐயும் 10-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினா நமக்குத் தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை.

சரி, பென்சில் கீறலைத் தாங்குது, கல்லைத் தாங்காதா? தாங்காது. காரணம் தடிமன். செராமிக் கோட்டிங்னு பூசுறது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம், காஞ்சு இறுகினா ஒண்ணு இரண்டு மைக்ரான்தான் நிக்கும். 120 மைக்ரான் பெயின்ட்டைப் பேத்துட்டுப் போற கல்லு, மேல இருக்குற இந்த இரண்டு மைக்ரானைப் பாத்து வழி விட்டு ஒதுங்குமா?

செராமிக்கே வேண்டாம்னு நான் சொல்லலை. தண்ணி உருண்டு ஓடும், கழுவுறது சுலபம், பளபளப்பு நல்லா இருக்கும், பறவை எச்சம் பட்டா தொடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதுக்காகப் போடுங்க. கல்லுக்காகப் போடாதீங்க. அவ்வளவுதான் என் சண்டை.

கல்லுக்குன்னு உருப்படியா ஒண்ணு இருக்குன்னா அது பிபிஎஃப். பெயின்ட் மேல ஒட்டுற, கண்ணாடி மாதிரித் தெரியிற ஃபிலிம். 150-லிருந்து 200 மைக்ரான் வரைக்கும் தடிமன், அதாவது பெயின்ட்டையே விடத் தடி. நல்ல ஃபிலிம் டிபியூங்கற பாலியூரித்தேன் வகை. இழுத்தா நீளும், விட்டா பழையபடி வந்துரும். கல்லு அடிக்கிற வேகத்தை இந்த நெகிழ்வுதான் வாங்கிக்குது. வியட்நாம் போர்ல அமெரிக்க ஹெலிகாப்டரோட சுழலுற இறக்கையை மணலும் தூசியும் அரிக்காம இருக்க ஒட்டின டேப்போட வாரிசு இது, 3எம் கம்பெனி செஞ்சது. அங்கிருந்து ரேஸ் கார், அப்புறம் பணக்காரங்க கார், இப்ப அவிநாசி ரோட்டுல வீதிக்கு ஒரு கடை.

அப்படி ஒரு கடைக்கு (செராமிக் தம்பி கடை இல்லை, வேற) நான் போனப்ப ஹேண்ட்பேக்ல ஒரு முக்கால் இஞ்ச் ஜல்லி இருந்துச்சு. கம்பெனி வாசல்ல கட்டட வேலைக்குக் கொட்டி வெச்சிருந்த குவியல்ல எடுத்தது. ஏன் எடுத்தேன்னு கேட்டீங்கன்னா, வாய்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.

கடையில ஒரு பழைய பானட்டை ஸ்டாண்டுல சாய்ச்சு வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் செராமிக், ஒரு பக்கம் ஃபிலிம். வழக்கமான வித்தை காட்டினாரு ஓனர். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால ஃபிலிம் மேல பரபரன்னு தேய்ச்சாரு, வெள்ளையா கீறல் கோடு. அதுக்கு மேல கெட்டில்ல இருந்து சுடுதண்ணி ஊத்தினாரு. கோடெல்லாம் கண்ணு முன்னாடியே மறைஞ்சு போச்சு. உண்மையிலேயே பாக்க நல்லா இருந்துச்சு. என் வீட்டுக்காரர் கைதட்டாத குறை.

நான் பேக்கைத் திறந்தேன்.

"அண்ணா, இந்தக் கல்லைத் தூக்கி அடிக்கலாமா?"

அவரு ஒரு நிமிஷம் என்னையும் கல்லையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சுட்டு, "அடிங்க்கா, பழைய பானட்டுதான்"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்கிட்ட வேலை குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

கொஞ்சம் தள்ளி நின்னு செராமிக் பக்கம் ஓங்கி அடிச்சேன். ணங்! பெயின்ட் பேந்து தகடு தெரிஞ்சுச்சு. 9ஹெச் பரலோகம் போயிருச்சு. அதே கல்லை எடுத்து ஃபிலிம் பக்கம் அடிச்சேன். சத்தமே வேற, தொப்புன்னு. கிட்டப் போய்ப் பாத்தா ஃபிலிம்ல அரைவட்டமா ஒரு வெட்டுத் தழும்பு. அவரே அந்த ஓரத்தை ஹீட் கன்னால சூடு காட்டி உரிச்சுக் காட்டினாரு. கீழ பெயின்ட் அப்படியே இருந்துச்சு.

கவனிச்சீங்களா, ஃபிலிம்ல வெட்டு விழுந்துச்சு. சுடுதண்ணி ஊத்தியும் அது மறையல. "தானே ஆறிக்கும்"னு விளம்பரத்துல சொல்றது மேலாப்புல விழற மெல்லிய கீறலுக்குத்தான். கூர்க்கல்லு கிழிச்சா கிழிச்சதுதான். ஆனா கிழிஞ்சது ஃபிலிம், அந்தத் துண்டை மட்டும் உரிச்சு மாத்திக்கலாம்.

இப்ப காசு. நான் கணக்குப் பாக்குற ஜாதி, இந்த இடத்துல கொஞ்சம் பொறுத்துக்குங்க.

முழு வண்டிக்கும் டிபியூ ஃபிலிம் ஒட்ட எனக்குச் சொன்ன விலை 1,10,000. முன்பக்கம் மட்டும், அதாவது பானட், பம்பர், முன் ஃபெண்டர், கண்ணாடி மூடி, அதோட கதவுக்குக் கீழ இருக்குற பட்டை, எல்லாம் சேத்து 42,000. வேற ஒரு இடத்துல "முழு வண்டியும் 45,000-க்கு முடிச்சுத் தர்றோம்"ன்னாங்க. அங்க ஃபிலிமோட பேரைக் கேட்டா "இம்போர்ட்டடுங்க"ங்கறதைத் தவிர வேற பதில் வரல. விலை இப்படி பாதிக்குப் பாதி இறங்கினா, பாலியூரித்தேனுக்குப் பதிலா பிவிசி கலந்த சரக்கா இருக்க நிறைய வாய்ப்பு. அது வெயில்ல மஞ்சளாகும், விறைச்சுப் போகும், உரிக்கும்போது பசை பெயின்ட்லயே நின்னுரும். அதுவும் வெள்ளைக் கார்ல மஞ்சளானா... வேண்டாம், சொல்லவே கஷ்டமா இருக்கு.

1,10,000-ம் வீண்னு நான் ஏன் நினைக்கிறேன்? கூரை மேல எந்தக் கல்லு வந்து அடிக்குது? பின் கதவுல? டிக்கியில? கல்லு வர்ற திசை ஒண்ணுதான். பார்க்கிங்ல அடுத்தவன் கதவைத் திறந்து இடிக்கிறான், பைக்காரன் ஹேண்டிலால கோடு போடுறான்னா அது வேற கதை. எனக்கு கோடு போடுற ஆள் யாரும் இல்லை (எங்க வீட்டுலயே சைக்கிள் ஓட்டுற ஒருத்தன் இருக்கான், அவனுக்குத் தனிச் சட்டம்).

அப்ப 42,000-ம் எதுக்கு, பேந்தா பெயின்ட் அடிச்சுக்கலாமேன்னு என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பானட் ஒண்ணுக்கு டிங்கரிங் பட்டறையில 6,000, 7,000, நல்ல இடத்துல அதுக்கு மேல. ஆனா ஃபேக்டரி பெயின்ட்டும் பட்டறைப் பெயின்ட்டும் ஒண்ணு இல்லை. ஃபேக்டரியில வெறும் பாடியா இருக்கும்போதே 140 டிகிரி வாக்குல சூடேத்தி வேகவெச்சு எடுக்குறாங்க. முழுசா பூட்டின வண்டியை அப்படிச் சுட முடியாது, ரப்பரும் பிளாஸ்டிக்கும் பாழாயிரும். பட்டறை பூத்ல 60 டிகிரிப் பக்கம்தான். எலெக்ட்ரிக் கார்னா அதுலயும் ஜாக்கிரதை, அடியில பேட்டரி இருக்கு. எத்தனை டிகிரியில எவ்வளவு நேரம் வைக்கலாம்னு கம்பெனிகள் வரம்பே போட்டிருக்காங்க. உங்க பட்டறைக்காரருக்கு அந்த வரம்பு தெரியுமான்னு வண்டியை விடுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. அப்புறம் விக்கும்போது, பழைய கார் வாங்குறவங்க இப்பெல்லாம் தடிமன் பாக்குற மீட்டரோட வர்றாங்க. பானட்ல வெச்சவுடனே நம்பர் ஏறும். "ஆக்சிடன்ட் வண்டிங்களா?" ஆரம்பிச்சுரும் பேரம்.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?" அதையும் போட்டுப் பாத்தேன். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாம ஓட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 20 சதவீதம் தள்ளுபடி. அது 25, 35, 45-னு ஏறி 50 வரைக்கும் போகும். இடையில ஒரு கிளெய்ம் போட்டா, அதுக்குன்னு தனி ஆட்-ஆன் எடுத்து வெச்சிருந்தா ஒழிய, திரும்பப் பூஜ்யம். கடுகளவு புள்ளிக்கு கிளெய்ம் போட்டு, கட்டாயமா நம்ம கையில இருந்து கட்ட வேண்டியதையும் கட்டி, தள்ளுபடியையும் விடறதுக்கு நான் என்ன மடச்சியா? இன்னொரு விஷயம், ஒட்டின ஃபிலிமும் சாதாரண பாலிசியில தானா சேராது. எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

முடிவு, முன்பக்கம் மட்டும். வேலை நடக்கும்போது நான் அங்கயே உக்காந்திருந்தேன் (அரை நாள் லீவு போட்டு. வீட்டுல யாருக்கும் நம்பிக்கை வரல, ஒரு ஸ்டிக்கர் ஒட்டுறதைப் பாக்கவான்னு).

ஆனா பாக்க வேண்டிய வேலைதாங்க அது. முதல்ல கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியால பெயின்ட்டைத் தடவித் தடவி உள்ள பதிஞ்ச தூசியை எடுத்தாங்க. அப்புறம் பேபி ஷாம்பு கலந்த தண்ணி ஸ்பிரே. கடை முழுக்கக் குழந்தை குளிப்பாட்டின வாசம். ஈரத்துல ஃபிலிமை மிதக்க விட்டு, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சு, ரப்பர் ஸ்க்வீஜியால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளிட்டே போனாங்க. பம்பர் வளைவுல வந்தப்பதான் கஷ்டம். அங்க தண்ணியில ஸ்பிரிட் கலந்து அடிச்சா உடனே பிடிச்சுக்குது. ஒரு மூலை மட்டும் பிடிக்கவே இல்லை. ஒட்டிட்டு இருந்த பையன் பேசாம அதை உரிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சான். முகத்துல துளி எரிச்சல் இல்லை.

நான் உக்காந்திருந்ததுக்கு உண்மையான காரணம் பிளேடு. சில இடத்துல ஃபிலிமை வண்டி மேல போட்டுட்டு, அங்கயே பிளேடால வெட்டுவாங்க. கை கொஞ்சம் அழுத்துனா பெயின்ட்லயே கோடு. இவங்க கம்ப்யூட்டர்ல மாடல் அளவை எடுத்து மெஷின்ல முன்னாடியே வெட்டி வெச்சிருந்தாங்க. ஓரத்துல கொஞ்சம் விட்டு உள்பக்கம் மடிச்சு ஒட்டினாங்க. அதனால எங்க முடியுதுன்னு கோடு தெரியல, அழுக்கும் அங்க அடையாது.

ஒட்டி முடிச்சவுடனே பாத்தா அங்கங்க தண்ணிக் கொப்புளம். எனக்குப் பகீர்னு ஆச்சு. "வெயில்ல நிறுத்துங்க்கா, தன்னால வத்திரும். ஒரு வாரம் வாட்டர் வாஷ் மட்டும் விடாதீங்க"ன்னான். வத்திருச்சு. பிரஷர் கன்னு ஓரத்துல நேரா அடிக்காம இருக்கணும்ங்கறதை இப்பவும் வாட்டர் வாஷ் அண்ணன்கிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவரு ஒவ்வொரு தடவையும் தலையாட்டிட்டுத்தான் இருக்காரு.

அந்தக் கடுகுப் புள்ளிக்கு ஃபிலிம் ஒட்டுறதுக்கு முன்னாடியே டச்-அப் பண்ணிட்டேன். என் பொண்ணு வெள்ளை நெயில் பாலிஷ் நீட்டினா. வெள்ளைன்னா எல்லா வெள்ளையும் ஒண்ணு கிடையாதும்மா. டிரைவர் கதவைத் திறந்தா தூண்லயோ, இல்ல பானட்டுக்கு அடியிலயோ ஒரு ஸ்டிக்கர்ல பெயின்ட்டோட கலர் கோடு நம்பர் இருக்கும். அதைச் சொல்லி ஷோரூம் ஸ்பேர்ஸ்ல கேட்டா பேனா மாதிரி ஒண்ணு தருவாங்க. அதோட மூடியில இருக்குற பிரஷ் தெரு பெருக்கலாம்ங்கற அளவுக்குப் பெருசு. பல் குத்துற குச்சியோட முனையில தொட்டு, பள்ளத்துல மட்டும் துளி வெச்சு, காய விட்டு, மறுபடி துளி. ஒரே தடவையில நிரப்பினா மேடு தட்டிரும். மெட்டாலிக், பேர்ல் கலரா இருந்தா என்ன பண்ணினாலும் கிட்டப் போய்ப் பாத்தா தெரியும், மனசைத் தேத்திக்குங்க.

பள்ளத்துல சாம்பல் நிறம் தெரிஞ்சா பிரைமர் மிச்சம் இருக்கு, அவசரமில்லை. தகடு மின்னுச்சுன்னா மழைக்கு முன்னாடி மூடிருங்க. பம்பர்னா அது பிளாஸ்டிக், துருவே பிடிக்காது, அழகு மட்டும்தான் போகும்.

அடுத்து செலவு கம்மியான விஷயம், மட் ஃபிளாப். நாலு சக்கரத்துக்கும் சேத்து ஆயிரத்துச் சொச்சம். புது வண்டியில நிறைய மாடலுக்கு வர்றதே இல்லை, ஸ்டைல் கெட்டுப் போகுமாம். போட்ட பிறகு கீழ பட்டையில தெறிக்கிற சத்தம் நல்லாவே கம்மியாச்சு. இத்தனை செலவுல பைசா பிரயோஜனம் அதிகம் இதுலதான்.

கருப்பு ரெக்ஸின்ல முன்னாடி மாட்டுற கவர் ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன். வாங்காதீங்க. உள்ள தூசி போய் உக்காந்துக்கும், காத்துல கவர் அதிரும், மணல்தாள் போட்டுத் தேய்ச்ச கணக்கா பெயின்ட் மங்கிரும். அதே காரணத்துக்குத்தான் பம்பர்ல கட்டின எலுமிச்சை மிளகாய்க் கயித்தையும் உள்ளுக்குள்ள, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி நகத்தி வெச்சிருக்கேன். திருஷ்டிக்கு இடம் முக்கியமில்லைன்னு மாமியாரைச் சம்மதிக்க வைக்கத்தான், பிபிஎஃப் ஒட்டுறதை விட நேரம் ஆச்சு.

சொந்தக்காரங்க ஒருத்தர் கேட்டாங்க, "கல்லு பட்டா பேட்டரி வெடிச்சிராதா?" அது அடியில, கெட்டியான பெட்டிக்குள்ள தனிப் பாதுகாப்போட இருக்குங்க. ஜல்லிக்கெல்லாம் அது அசையாது. நாம பேசிட்டு இருக்குறது பெயின்ட் பத்தி மட்டும்தான். (இருந்தாலும் பெரிய கல்லு மேல ஏத்தி அடிபட்டுச்சுன்னா சர்வீஸ்ல காட்டிருங்க.) பம்பருக்குப் பின்னாடி ரேடார் இருக்குற வண்டின்னா ஃபிலிம் ஒட்டுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க, அந்த இடத்துல எதை ஒட்டலாம்னு கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கும்.

இவ்வளவும் பண்ணின பிறகும், முன்னாடி வந்து படுற டிக் சத்தத்தைக் குறைச்சது இது எதுவுமே இல்லை. இடைவெளிதான். கல்லோட அடி, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல போறவங்க 100-ல போனா, எதிர்ல நிக்கிற அதே கல்லு ஒன்றரை மடங்குக்கு மேல பலமா அடிக்கும். டிப்பர் பின்னாடி ஒட்டிட்டுப் போகும்போது அது சக்கரம் வீசுற கல்லு துள்ளி அடங்குறதுக்கு முன்னாடியே நாம போய் வாங்கிக்கிறோம். தள்ளிப் போனா அது ரோட்டுலயே உக்காந்துரும். இப்பெல்லாம் டிப்பரைக் கண்டா காலை எடுத்துடறேன். ரீஜென்ல வண்டி தானா வேகம் குறையும், பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். பின்னாடி வர்றவரு ஹார்ன் அடிப்பாரு. அடிக்கட்டும், அவருக்கு பிபிஎஃப் இல்லை போல.

லாரிக்கார அண்ணன்மாரையும் முழுசாத் திட்ட மனசு வரல. படுதா இழுத்துக் கட்டுறது அவங்க கையில, ஆனா டாப்புக்கு மேல குமிச்சு லோடு ஏத்தச் சொல்றது அவங்க இல்லை. ஓவர்லோடுக்கு அபராதமே 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சட்டம் பலமாத்தான் இருக்கு. கிரஷர் வாசல்லயே எடை பாத்து, படுதா கட்டாம வண்டியை வெளிய விடக் கூடாதுன்னு நின்னா, பைக்ல போறவங்க கண்ணுல மண்ணு விழறதும் நிக்கும். என் கார் பெயின்ட்டை விட அது முக்கியம்.

ஃபிலிம் ஒட்டி இப்ப ஒரு மழைக்காலம் தாண்டியாச்சு. பானட்ல இரண்டு இடத்துல வெட்டுத் தழும்பு இருக்கு, ஃபிலிம்ல. கீழ பெயின்ட் சுத்தம். பம்பர்ல ஒரு ஓரம் லேசாத் தூக்கி, போய்க் காட்டினேன், காசு வாங்காம ஒட்டிக் குடுத்தாங்க.

புதுசா வண்டி எடுக்கறவங்களுக்கு: ஷோரூம்ல டெலிவரி சமயத்துல "பேக்கேஜ்"னு நீட்டுறதுல கையெழுத்துப் போடாதீங்க, வெளிய இரண்டு கடை ஏறி விலை கேளுங்க. ஃபேக்டரி பெயின்ட் வெந்து வந்தது, வண்டி வந்த வாரமே ஃபிலிம் ஒட்டலாம். பட்டறையில பெயின்ட் அடிச்ச பாகம்னா மட்டும் ஒரு மாசம் விட்டு ஒட்டுங்க. முன்பக்கமும் கீழ்ப் பட்டையும் போதும். கடைக்குப் போனா ஃபிலிம் ரோல் வந்த பெட்டியைக் காட்டச் சொல்லி, வாரண்ட்டி கார்டுல அந்த ரோல் நம்பரை எழுதி வாங்குங்க. பெட்டியைக் காட்டாம 9ஹெச்னு ஆரம்பிச்சாங்கன்னா, டீயைக் குடிச்சுட்டு கிளம்பிருங்க.